கல்லை விற்காமல் கல்லால் பிழைக்கும் ஊர்கள்

வாசகர் கேள்வி – பதில்: ஜியோபார்க்

கேள்வி: எங்கள் ஊர் திருவக்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கல்மரங்கள் உள்ள பகுதியை என்றாவது யுனெஸ்கோ ஜியோபார்க் என்று அறிவித்தால், ஆடு மேய்க்கவும் பயிர் வைக்கவும் தடை வருமா? – விழுப்புரம் மாவட்ட விவசாயி ஒருவர்

பதில்: அந்த அறிவிப்பால் புதிதாக எந்தத் தடையும் வராது. ஜியோபார்க் (புவிப் பூங்கா) என்பது முக்கியமான பாறைத் தலங்களையும் சுற்றியுள்ள ஊர்களையும் ஒரே எல்லைக்குள் சேர்த்து நடத்தும் பகுதி, சரணாலயம் அல்ல. அதற்கென்று தனிச் சட்டமும் கிடையாது. ஊர், வயல், கோயில், சந்தை எல்லாமே அதன் எல்லைக்குள் இருக்கும், இருக்கவும் வேண்டும். மனிதர்களை வெளியேற்றிவிட்டு ஜியோபார்க் நடத்த முடியாது. ஆனால் ஒன்று: உள்ளே இருக்கும் முக்கியமான பாறைத் தலங்களுக்கு அந்த நாட்டுச் சட்டப்படி பாதுகாப்பு இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். திருவக்கரைக் கல்மரப் பூங்கா ஏற்கெனவே தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். அந்த வளாகத்துக்குள் இருக்கிற கட்டுப்பாடு இன்றைக்கே இருக்கிற கட்டுப்பாடுதான். உங்கள் வயலுக்கு அது நீளாது.

கேள்வி: மரம் கல்லாய்க் கிடப்பதால் சுற்றுவட்டாரத்துக்கு என்ன வருமானம் வரப்போகிறது? நுழைவுச்சீட்டுக் காசு யாருக்குப் பத்தும்? – திண்டிவனம் வாசகர்

பதில்: நுழைவுச்சீட்டை மட்டும் நம்பினால் யாருக்கும் பத்தாது. இதைக் கிரேக்க நாட்டு லெஸ்வோஸ் தீவை வைத்துப் பார்ப்போம். ஐரோப்பிய ஜியோபார்க் வலையமைப்பை 2000இல் தொடங்கிய 4 இடங்களில் அதுவும் ஒன்று.

தீவின் மேற்குப் பகுதியில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுக்கு முன் எரிமலைச் சாம்பல் ஒரு காட்டையே மூடியது. சாம்பலில் இருந்த சிலிக்கா (மணலில் உள்ள தாது) சுடுநீரில் கரைந்து மரத்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் போய் உறைந்தது. மூடியது திடீரென்று நடந்ததால் அடிமரங்கள் இன்னும் நின்றபடி இருக்கின்றன. வேர்கள் அன்று ஓடிய மண்ணிலேயே ஓடுகின்றன. நம் திருவக்கரையில் அப்படி இல்லை. அங்கே மரங்கள் படுத்துக் கிடக்கின்றன. கிளையும் வேரும் இல்லை. வேறெங்கோ விழுந்து, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்த பிறகு கல்லானவை என்று அதிலிருந்தே தெரிகிறது. மரம் கிடக்கிற கிடையே ஒரு சான்று. இடத்தை விட்டு நகர்த்திவிட்டால் அந்தச் சான்று போய்விடும்.

லெஸ்வோஸ் காட்டுக்கு 1985இல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. 1994இல் சிக்ரி என்ற சிறு துறைமுக ஊரில் அருங்காட்சியகம் வந்தது. அகழ்வது, விரிசல் அடைப்பது, பாதை பராமரிப்பது, விளக்கிச் சொல்வது என்று உள்ளூர் ஆட்களுக்கு வேலை பிறந்தது. தீவில் பெண்கள் கூட்டுறவுச் சங்கங்கள் பல உண்டு. பெத்ரா ஊர்ச் சங்கம் 1983இலேயே தொடங்கியது. வீட்டு அறைகளை வாடகைக்கு விடுவதும், ஜாம், இனிப்பு, உணவுப் பண்டங்கள் செய்து விற்பதும் இந்தச் சங்கங்களின் தொழில். பாறை பார்க்க வருகிறவர் ஓர் இரவு தங்கினால் காசு ஊருக்குள் இறங்கும். பேருந்தில் வந்து ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டால் இறங்காது. அதனால் நடைபாதையைத் திட்டமிடும்போதே அதை ஊருக்குள் கொண்டுவந்து முடிக்க வேண்டும்.

பராமரிப்பில் பலரும் செய்கிற தவறு சிமென்ட். கல்மர விரிசலில் சிமென்ட் பூசினால் உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியில்லை. உப்பு பூக்கும், பூச்சு ஓரத்தில் புது விரிசல் விழும். கல்லைவிட இளகிய சுண்ணாம்புச் சாந்துதான் சரி. தேவைப்பட்டால் பிற்பாடு சுரண்டி எடுத்துவிடலாம். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது அடிமரத்தைச் சுற்றி மழைநீர் வடிய ஒரு சிறு வாய்க்கால் வெட்டுவது. செலவு குறைந்த வேலை இது, ஆனால் அடிக்கடி மறக்கப்படுவதும் இதுதான்.

2021இல் கல்லோனி–சிக்ரி சாலைப் பணியில் கிளையும் வேருமாய் 19 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று முழுசாகக் கிடைத்தது. சாலை வேலையை அருங்காட்சியக ஆட்கள் கூடவே இருந்து கவனித்ததால்தான் அது தப்பியது. சாலை போடக் கூடாது என்று யாரும் மறிக்கவில்லை. மண் வெட்டும் இயந்திரத்தின் அருகில் விவரம் தெரிந்த ஓர் ஆள் நின்றார், அவ்வளவே.

கேள்வி: படிவங்கள் (கல்லாகிப்போன பழைய உயிர்களின் மிச்சங்கள்) கிடக்கும் காரை என்ற ஊருக்கு மாணவர்களை அழைத்துப்போனால் ஆளுக்கொரு கல்லை எடுத்து வருகிறார்கள். தரை முழுக்கத்தானே கிடக்கிறது, எடுத்தால் என்ன? – பெரம்பலூர் ஆசிரியை

பதில்: ஒரு வகுப்பு எடுத்தால் குறைவு தெரியாது. 50 வகுப்பு எடுத்தால் ஓடைச் சரிவு காலியாகிவிடும். காரையின் செம்மண் ஓடைகளில் குறுக்கும் நெடுக்குமாய் மினுங்குவது ஜிப்சம். அதனிடையே பேனா முனைபோல் கூராகக் கிடப்பவை பெலம்னைட். கணவாய்க்கு உறவான கடல் உயிரியின் உடலுக்குள் இருந்த பாகம். சுமார் 10 கோடி ஆண்டுப் பழமை. ஒரே அடுக்கில் பல பெலம்னைட்டுகள் ஒரு திசை பார்த்துக் கிடந்தால் அன்றைய கடல் நீரோட்டம் எந்தப் பக்கம் ஓடியது என்று சொல்லலாம். மேசை டிராயரில் கிடக்கும் பெலம்னைட்டால் அதைச் சொல்ல முடியாது.

மாணவர்களுக்கு இப்படிப் பழக்குங்கள். பார்த்ததைப் பிடுங்காமல், பக்கத்தில் அடிக்கோலை வைத்து மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். கைபேசியில் இடக்குறி. எந்த அடுக்கு, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று நோட்டில் இரண்டு வரி. புதிதாகத் தெரிந்தால் மண்ணால் மூடிவிட்டு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவியுங்கள். கழுவ வேண்டாம், ஒட்டியிருக்கும் மண்ணில்தான் நுண்ணுயிர்ப் படிவங்கள் இருக்கும். தொட்டுப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு அரியலூர் மாவட்டத்து வாரணவாசி படிவ அருங்காட்சியகம் இருக்கிறது.

யுனெஸ்கோ ஜியோபார்க்குகளுக்கும் இதேபோல் ஒரு விதி உண்டு. அதை நடத்தும் அமைப்பு படிவம், தாதுக்கல், மெருகிட்ட பாறை போன்றவற்றின் விற்பனையில் பங்கெடுக்கக் கூடாது. கடையில் களிமண் அச்சு வைக்கலாம், உள்ளூர்த் தேன் வைக்கலாம். படிவக் கல்லை வைக்கக் கூடாது.

கேள்வி: பேரிடர்த் தற்காப்புக்கும் ஜியோபார்க் உதவும் என்கிறார்களே, எப்படி? – நாகப்பட்டினம் வாசகர்

பதில்: ஜப்பானின் தோயா–உசு ஜியோபார்க் இதற்கு நல்ல பாடம். உசு எரிமலை கடந்த நூற்றாண்டில் 1910, 1943, 1977, 2000 என்று நான்கு முறை குமுறியது. 1943–45இல் கோதுமை வயலில் ஒரு குன்றே முளைத்தது. உள்ளூர் அஞ்சல் அதிகாரி மிமாட்சு மசாவோ, அஞ்சலகத்தின் பின்புறம் கிடைமட்டமாக நூல் கட்டி, தாடையை ஒரே இடத்தில் நிறுத்திப் பார்த்து, குன்று நூலைத் தாண்டி எவ்வளவு உயர்ந்தது என்று தொடர்ந்து கோட்டோவியமாக வரைந்தார். போர்க்காலம், கருவி கிடையாது. அந்த வரைபடம் எரிமலையியலில் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பிறகு அந்த நிலத்தைச் சொந்தப் பணத்தில் வாங்கிக் காப்பாற்றினார்.

2000 மார்ச் 31இல் எரிமலை மறுபடி வெடித்தபோது, சில நாள் முன்பே தொடங்கிய நிலநடுக்கங்களைக் கவனித்து 10,000 பேருக்கு மேல் வெளியேற்றியிருந்தார்கள். ஓர் உயிரும் போகவில்லை. சிதைந்த சாலையையும் கட்டடங்களையும் அகற்றாமல் நடைபாதையோடு விட்டுவைத்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து ‘எரிமலை மைஸ்டர்’ (எரிமலை வல்லுநர்) சான்று கொடுக்கிறார்கள். அவர்களே பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். 2009இல் அது உலக ஜியோபார்க் ஆனது. இடிபாட்டை அகற்றிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு ஆபத்தைக் கண்ணால் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

கேள்வி: இந்தியாவில் யுனெஸ்கோ ஜியோபார்க் ஏன் இல்லை? விண்ணப்பிக்க என்ன வேண்டும்? பட்டம் கிடைத்தபின் பறிபோகுமா? – சென்னை வாசகர்

பதில்: 2025 கணக்குப்படி 50 நாடுகளில் 229 ஜியோபார்க்குகள். இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. பாறைக்குக் குறைவில்லை. நம்மிடம் இருப்பவை வேலி போட்ட தனித்தனித் துண்டுகள். அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களை ஒரே எல்லைக்குள் சேர்த்து நடத்த ஓர் அமைப்பு அமையவில்லை. என் பார்வையில் இதுதான் பெரிய தடை. அந்த அமைப்புக்குச் சட்டப்படியான இருப்பு, சொந்த நிதி, நிரந்தரப் புவியியலாளர், உள்ளூர் மக்களின் பங்கு எல்லாம் வேண்டும். விண்ணப்பிக்கும் முன் குறைந்தது ஓராண்டாவது ஜியோபார்க் போலவே நடத்திக் காட்டியிருக்க வேண்டும். விண்ணப்பக் கோப்பை அக்டோபர் 1 முதல் நவம்பர் 30க்குள் தர வேண்டும். பின்னர் புவியியல் மதிப்பை வல்லுநர்கள் எடைபோடுவார்கள், மதிப்பீட்டாளர்கள் நேரில் வருவார்கள்.

பட்டம் 4 ஆண்டுக்குத்தான். மறுஆய்வில் பச்சை அட்டை என்றால் இன்னும் 4 ஆண்டு. மஞ்சள் என்றால் குறையைச் சரிசெய்ய 2 ஆண்டு. சிவப்பு என்றால் பட்டம் போயிற்று. இந்தோனேசியாவின் தோபா 2023இல் மஞ்சள் வாங்கி, 2025இல் பச்சைக்குத் திரும்பியது. பட்டம் இருந்தாலே எல்லாம் சரியாகிவிடாது. மலேசியாவின் லங்காவி 2007 முதல் ஜியோபார்க். அங்கே கிலிம் ஆற்றில் படகுகள் வேகமாய்ப் போவதால் எழும் அலை, அலையாத்தி மர வேரடிச் சேற்றை அரிக்கிறது, மரங்கள் சாய்கின்றன. பயணிகளுக்குக் காட்ட, கழுகுகளுக்குக் கோழித்தோலை வீசும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. பறவைகள் வேட்டையை விட்டுப் படகுச் சத்தத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கின. கிலிம் கிராமத்தாரின் கூட்டுறவுச் சங்கமே அங்கே படகு விடுகிறது. அதனால் வேகத்தைக் குறைப்பதும் தோல் வீசுவதை நிறுத்துவதும் அவர்கள் கையிலேயே இருக்கிறது.