காட்டெருமையின் கண் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்களுடையது கொங்குப் பக்கத்து ஒரு சிறிய ஜமீன். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு கீழ்நாட்டில் எல்லாம் போயிற்று. கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டம் மட்டும் மிஞ்சியது. பெரியப்பாக்கள் துண்டு துண்டாக விற்று, இப்போது பங்களாவும் 12 ஏக்கரும்தான். பங்காளிகள் ஒன்பது பேர். நான் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். தம்பி பங்களாவை ஹோம்ஸ்டே ஆக்கலாம் என்கிறான். கூரை ஒழுகுகிறது. கூடத்தில் தாத்தா சுட்ட காட்டெருமைத் தலை பூஞ்சை பிடித்துத் தொங்குகிறது. ‘அரசாங்கம் பிடுங்கிக்கொண்டது’ என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். குடும்ப வரலாற்றை எழுத ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஹோம்ஸ்டேயை உங்கள் தம்பி பார்த்துக்கொள்வார். முதலில் கூரையை மாற்றச் சொல்லுங்கள்.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்தக் காட்டெருமைத் தலைதான். நாங்கள் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். நீலகிரியில் கூடலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மாவுக்குக் கொழுந்து வேலை. தோட்டக்காரர்கள் உங்களைப் போல ஒரு ஜமீன் குடும்பம். மே மாதம் மட்டும் வருவார்கள். அதற்கு முன்னால் பங்களாவைத் துடைக்க அம்மாவைக் கூப்பிடுவார்கள். அங்கேயும் ஒரு தலை இருந்தது. ஒரு வருடம் அதன் கண்ணாடிக் கண் ஒன்று விழுந்து, பஞ்சு வெளியே தெரிந்தது. தன் தலையில் பழி விழுமோ என்று பயந்துபோன அம்மா, என் பள்ளிச் சட்டைப் பொத்தானை அறுத்து, கரி பூசி, மெழுகு உருக்கி ஒட்டிவிட்டாள். துரை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. நான்தான் அந்த வருடம் பூராவும் ஊக்கு குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

அன்றைக்கு அம்மாவுக்குச் செக்ரோலில், அதாவது தோட்டத்து வருகைப் பதிவேட்டில், அரைப்பேர் போட்டார்கள். காலையிலிருந்து இருட்டும்வரை பங்களாவில் நின்றவளுக்கு அரைச் சம்பளம்! கேட்டதற்கு, கொழுந்து நிறுக்கவில்லையே என்றார் கணக்கப்பிள்ளை.

இனி உங்களிடம் கொஞ்சம் கோபமாகப் பேச வேண்டியிருக்கிறது. அப்பாவின் அந்த வாக்கியத்தை வைத்துத் தொடங்கிவிடாதீர்கள். 1948 சட்டம் ஜமீன்களுக்கு இழப்பீடு கொடுத்தது. 1961இல் நில உச்சவரம்பு வந்தபோது, கீழே நெல் போட்டவனின் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (மண்ணின் தரம் பார்த்துக் கணக்கிட்ட ஏக்கர்) என்று கோடு கிழித்தார்கள். தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு விலக்கு. அந்தச் சட்டம் உங்கள் மலையைத் தொடவில்லை. விற்றது பெரியப்பாக்கள், நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அரசாங்கத்தைத் திட்டினால் பங்காளிகள் சண்டைக்கு வரமாட்டார்கள் என்பதுதானே விஷயம்?

நிஜமாகவே இழந்தவர்களைச் சொல்கிறேன். கேரளத்து நிலம்பூர் கோவிலகம் என்ற ராஜ குடும்பம். கூடலூரில் சுமார் 80,000 ஏக்கர் அவர்களுடைய ஜென்மம், அதாவது பரம்பரை நிலம். 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டத்தில் அது போயிற்று. அந்த வீட்டுப் பிள்ளை கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நிலத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. கூடலூர்க் காட்டில் மரம் வெட்டுகிறார்கள், நிறுத்துங்கள் என்றார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு, யார் பெயரில் இருந்தாலும் காடு காடுதான் என்றது. காட்டுக்குள் அனுமதியில்லாமல் ஓடிய ரம்பங்களை இந்தியா முழுக்க நிறுத்தச் சொன்னது. 2016இல் அவர் இறந்தபோது அவர் பெயரில் அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது. அதே கூடலூரில், ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17இல் வரும், உரிமை முடிவாகாத நிலத்தில் குடியிருக்கும் எங்கள் ஆட்கள் பலர் பட்டாவும் மின்சாரமும் இல்லாமல் கிடக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதற்காக அவர்மேல் எனக்குள்ள மரியாதை குறையவில்லை. கைவிட்டுப் போன பிறகும் அந்த மனிதர் மரத்தைப் பார்த்தார் ஐயா. உங்கள் அப்பா பத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள் அல்லவா? ஆபீஸ் ரூம் பெட்டியில் பழைய செக்ரோல் இருந்தால், கரையான் அரிப்பதற்குள் எடுத்து வெயிலில் காயவையுங்கள். தாத்தாவின் துப்பாக்கி லைசென்ஸைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு இப்போது 84 வயது. பங்களா வேலை எப்படி நடந்தது என்று அவளைக் கேட்டால் தட்டுமுட்டு உட்பட ஒப்பிப்பாள். ஜூன் மழைக்கு முன்னால் வாருங்கள். காது மந்தம், சத்தமாகப் பேச வேண்டும். ஜமீன் என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள், எழுந்து நின்றுவிடுவாள்.