உள்ளூருக்கு ஒரு விலை, வெளியூருக்கு ஒரு விலை: பனிச்சறுக்கு மலைகளின் கட்டணம்

வாசகர் கேள்வி – பதில்

(பனிச்சறுக்குத் தலங்களின் கட்டணம் குறித்து வந்த கேள்விகள் இந்த இதழில் ஒன்றாகத் தரப்படுகின்றன.)

கேள்வி: ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் நகரில் வசிக்கிறோம். பிப்ரவரி விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்துக்குப் பனிச்சறுக்குக்குப் போயிருந்தோம். நாங்கள் தங்கிய வீட்டின் உரிமையாளர், ‘உள்ளூர்க் கட்டணம்’ என்ற வகையில் தமக்கு சீசன் பாஸ் (பருவம் முழுவதும் சறுக்குவதற்கான சீட்டு) வெகுவாகக் குறைந்த விலைக்குக் கிடைத்ததாகச் சொன்னார். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இப்படி ஆளுக்கொரு விலை வைப்பதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா?
– வாசகி, ஷ்டுட்கார்ட்

பதில்: பொதுவிதி உங்கள் பக்கம்தான் இருக்கிறது. சேவைகள் பற்றிய 2006ஆம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டு ஆணையின் 20ஆவது பிரிவு, சேவை பெறுபவரின் குடியுரிமையையோ வசிப்பிடத்தையோ வைத்துப் பாகுபாடு காட்டும் நிபந்தனைகள் கூடாது என்கிறது. புறநிலையான காரணங்களால் நேரடியாக நியாயப்படுத்தக்கூடிய வேறுபாடுகளுக்கு அதே பிரிவு விலக்கும் அளிக்கிறது. அப்படிப்பட்ட காரணங்களுக்கு எடுத்துக்காட்டாக, தூரத்தால் கூடும் செலவு, பருவத்துக்கேற்ப ஏறி இறங்கும் தேவை, நாட்டுக்கு நாடு மாறும் விடுமுறைக் காலம் போன்றவற்றை ஆணையின் முகவுரை சொல்கிறது. ஆகவே பிப்ரவரி விடுமுறை வாரத்தில் எல்லாருக்குமாக விலையை உயர்த்துவதில் தவறில்லை. அதே வாரத்தில், சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றிவிடும் அதே லிஃப்டுக்கு, உங்கள் முகவரியைப் பார்த்து உயர்த்தினால்தான் காரணம் சொல்லியாக வேண்டும்.

உள்ளூர்க்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் வரி. ‘எங்கள் வரிப்பணத்தில் நடப்பது, எங்களுக்குக் குறைத்துக் கொடுத்தால் என்ன?’ என்பது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் 2003 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் இத்தாலிக்கு எதிரான வழக்கில் இந்த வாதத்தை ஏற்கவில்லை. வெனிஸ் நகரின் டோஜே மாளிகை உள்ளிட்ட உள்ளாட்சி அருங்காட்சியகங்களில் இத்தாலியக் குடிமக்களுக்கோ உள்ளூரில் வசிப்பவர்களுக்கோ மட்டும் முதியோர் சலுகை தரப்பட்டு வந்தது. கட்டிய வரிக்கும் கிடைத்த சலுகைக்கும் நேரடித் தொடர்பு எதுவும் காட்டப்படவில்லை என்று கூறி, அந்த ஏற்பாடு ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என நீதிமன்றம் தீர்த்தது.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமான வழக்கு ஒன்று ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய ஜெர்மானியப் பகுதியான பெர்க்டெஸ்காடனில் நடந்தது. அங்குள்ள நீச்சல்குளம் ஒன்றில், அதை நடத்திய சங்கத்தைச் சேர்ந்த ஐந்து ஊராட்சிகளின் மக்களுக்கு நுழைவுக் கட்டணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி உண்டு. 2005இல் அங்கே முழுக் கட்டணம் செலுத்திய ஆஸ்திரியர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். கீழ்நிலை நீதிமன்றங்களில் தோற்றும் விடாமல், ஜெர்மனியின் கூட்டாட்சி அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார். 2016 ஜூலையில் அந்த நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. குளத்தை நடத்துவது தனியார் சட்டப்படி அமைந்த நிறுவனம் என்றாலும், அதன் உரிமை முழுவதும் பொது அமைப்புகளிடம் இருப்பதால் சமத்துவ உரிமை அதையும் கட்டுப்படுத்தும் என்றது. உள்ளூர் மக்களுக்குச் சலுகை கொடுப்பதே குற்றம் என்று அது சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பற்றாக்குறையான வளத்தைத் தன் மக்களுக்கென ஒதுக்குவதும், அவர்கள் சுமக்கும் தனிப்பட்ட சுமையை ஈடுகட்டுவதும், உள்ளூர்ச் சமூகத் தேவையை நிறைவேற்றுவதும் ஏற்கத்தக்க நோக்கங்களே என்றது. ஆனால் வெளியூர்க்காரர்களை ஈர்ப்பதற்கென்றே அமைக்கப்பட்ட ஒரு குளத்தில் அந்த நோக்கங்கள் எதையும் காண முடியவில்லை.

இந்த அளவுகோலை அப்படியே ஒரு பனிச்சறுக்கு மலைக்கு வைத்துப் பாருங்கள். பெரிய லிஃப்டுகள் சுற்றுலாப் பயணிகளை நம்பித்தான் நிறுவப்படுகின்றன. அந்த ஊர் மக்களை மட்டும் நம்பியிருந்தால் அவற்றில் பாதிகூட எழுந்திருக்காது. ஆகவே முதியவர், இளையவர் என்று பாராமல் ஊரார் அனைவருக்கும் பொதுவாகக் கொடுக்கப்படும் தள்ளுபடிக்கு அடித்தளம் பலவீனமானது என்பது என் கருத்து. அந்த ஊர்ப் பள்ளிக் குழந்தைகளுக்கு மட்டுமான சலுகையை நான் அதனோடு சேர்க்க மாட்டேன்.

அடுத்த முறை கவுன்ட்டரில் சண்டை போட வேண்டாம். தள்ளுபடி எந்த அடிப்படையில் தரப்படுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால், கேல் நகரிலுள்ள ஐரோப்பிய நுகர்வோர் மையத்தின் ஜெர்மானிய அலுவலகத்தை அணுகலாம்.

கேள்வி: மாமல்லபுரத்தில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் என்று பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இயல்பாகத் தோன்றும் ஒன்று ஐரோப்பாவில் மட்டும் எப்படிக் குற்றமாகிறது?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள், ஒருவர் குடிமக்களை மற்றவர் சமமாக நடத்துவதாகத் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டுள்ளன, அந்தச் சமத்துவத்தைத்தான் நீதிமன்றங்கள் வற்புறுத்துகின்றன. இந்தியாவுக்கு அப்படியொரு கடமை இல்லை. தாஜ்மகாலில் இந்தியருக்கு 50 ரூபாயும் வெளிநாட்டவருக்கு 1,100 ரூபாயும் வாங்கும்போது, சார்க், பிம்ஸ்டெக் ஆகிய அண்டை நாட்டுக் கூட்டமைப்புகளைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் 540 ரூபாய் என இடைப்பட்ட விலை வைத்திருப்பதும் அரசு தானாக எடுத்த முடிவே.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நம் தொல்லியல் துறையின் கோடு நாட்டின் எல்லையில் விழுகிறது. செங்கல்பட்டுக்காரரும் தில்லிக்காரரும் ஒரே 40 ரூபாய்தான் கொடுக்கிறார்கள். பனிமலை ஊர்களின் கோடு அந்தப் பள்ளத்தாக்கின் எல்லையிலேயே விழுந்துவிடுகிறது. ஊர்ச் சலுகை உள்ள டிரோல் கிராமம் ஒன்றில், வியன்னாவிலிருந்து வருபவரும் ஷ்டுட்கார்ட்டிலிருந்து வருபவரைப் போலவே முழுக் கட்டணம் செலுத்துகிறார். ‘வெளிநாட்டவர்மீது வெறுப்பு’ என்று இதை எளிதாக முத்திரை குத்திவிட முடியாததற்கு இதுவே காரணம். ஆனாலும் வசிப்பிடத்தை வைத்து ஒதுக்கினால் பெரும்பாலும் அடிபடுவது வேற்று நாட்டவரே என்பதால், அதையும் மறைமுகப் பாகுபாடாகவே ஐரோப்பிய நீதிமன்றம் கருதுகிறது.

கேள்வி: லிஃப்ட் நிறுவனங்கள் உள்ளூர்க்காரர்களுக்குக் குறைத்துக் கொடுப்பது நல்ல மனதாலா, வியாபாரக் கணக்காலா? அமெரிக்காவில் படிக்கும் என் மகள், கொலராடோவில் ஒருநாள் டிக்கெட் 300 டாலருக்கு மேல் என்கிறாள்; ஆனால் அவளுடைய வகுப்புத் தோழர்கள் வாரந்தோறும் போய்வருகிறார்களாம்!
– வாசகர், மதுரை

பதில்: நல்ல மனதும் கொஞ்சம் இருக்கலாம், கணக்கு அதைவிட அதிகம்.

லிஃப்ட், செயற்கைப் பனி தூவும் இயந்திரங்கள், இரவெல்லாம் சரிவைச் சமன்செய்யும் வண்டிகள், மீட்புக் குழு ஆகியவற்றின் செலவு, காலையில் மலை திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஜனவரி மாதத்துப் புதன்கிழமைப் பிற்பகலில், நான்கு பேர் அமரும் லிஃப்ட் நாற்காலிகள் வரிசையாகக் காலியாகவே மேலே போய்க் காலியாகவே இறங்கும். அவற்றில் ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் செலவில் பெரிய மாற்றமில்லை. அந்த நேரத்தில், வேலையை முடித்துவிட்டு இரண்டு மணி நேரம் சறுக்கிவிட்டுப் போக வரக்கூடியவர் உள்ளூர்க்காரர் மட்டுமே. விலை அதிகமென்றால் அவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். சுற்றுலாப் பயணியின் நிலை நேர்மாறானது. விமானம், விடுதி அறை, வாடகைக்கு எடுத்த பூட்ஸ், குழந்தைகளின் பயிற்சி வகுப்பு என்று எல்லாவற்றுக்கும் பணம் கட்டிவிட்டு வந்தவர், டிக்கெட் விலையைப் பார்த்து ஊருக்குத் திரும்பிவிடப் போவதில்லை. யார் திரும்பிப் போவார், யார் போக மாட்டார் என்பதை அறிந்து விலை வைப்பதே இந்தத் தொழிலின் சூட்சுமம்.

கொலராடோவில் இது வெளிப்பட்ட விதம் சுவையானது. டென்வர் நகராட்சிக்குச் சொந்தமான வின்டர் பார்க் மலை, 1998இல் நான்கு பேர் சேர்ந்து வாங்கினால் தலைக்கு 200 டாலர் என்று ‘பட்டி பாஸ்’ (நண்பர்களுக்கான சீசன் பாஸ்) ஒன்றை அறிவித்தது. வார இறுதியில் காரில் மலையேறும் டென்வர் வட்டாரத்து மக்களே அதன் குறி. ஆனால் அதை உள்ளூர்ச் சலுகை என்று அழைக்க வேண்டிய தேவையே எழவில்லை, ஏனென்றால் பருவம் முழுவதும் வந்துபோகக்கூடியவருக்கு மட்டுமே அது பயன்படும். அக்கம்பக்கத்து மலைகளும் விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று. 2008இல், கொலராடோவின் வெய்ல் மலையை நடத்தும் வெய்ல் நிறுவனம் 579 டாலருக்கு ‘எபிக் பாஸ்’ என்ற சீசன் பாஸைக் கொண்டுவந்து, அதை எந்த ஊர்க்காரரும் வாங்கலாம் என்றது.

இன்று வெய்ல் மலையில் நெரிசல் நாளில் கவுன்ட்டர் விலை 300 டாலரைத் தாண்டிவிட்டது. சீசன் பாஸோ ஆயிரம் டாலரை ஒட்டித்தான் இருக்கிறது. நான்கு நாள் போனாலே பாஸ் லாபம். ஆனால் பாஸ் விற்பனை டிசம்பர் தொடக்கத்தில் நின்றுவிடும். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது திட்டமிடுபவருக்கு ஒருநாள் டிக்கெட்டைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை. உங்கள் மகளின் தோழர்கள் கோடையிலோ செப்டம்பரிலோ பாஸ் வாங்கியிருப்பார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று இங்கே யாரும் கேட்பதில்லை; எப்போது முடிவு செய்தீர்கள் என்பதற்கேற்ப விலை மாறுகிறது. சட்டப்படி இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வெளியூர்க்காரரும் முன்கூட்டியே வாங்கிப் பயன்பெறலாம். ஆனால் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாமல், ஒருநாள் பார்த்துவிடுவோம் என்று முதன்முறையாக வருபவர்தான் எல்லாரையும்விட அதிகமாகக் கொடுக்கிறார் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கேள்வி: பல ஆண்டுகளாக சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வசிக்கும் இலங்கைத் தமிழர் நாங்கள்; குடியுரிமை இன்னும் பெறவில்லை. மலையூர்களின் உள்ளூர்ச் சலுகை எங்களைப் போன்றோருக்குக் கிடைக்குமா? அங்கே ஒரு விடுமுறை வீடு வாங்கினால் நாங்களும் உள்ளூர்க்காரர் ஆகிவிடுவோமா?
– வாசகர், பெர்ன்

பதில்: இத்தகைய சலுகை பொதுவாகக் கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை, அந்த ஊராட்சியில் வசிப்பிடம் பதிவாகியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறது. மலையூர் விடுதியின் சமையலறையில் வேலை செய்துகொண்டு அங்கேயே பதிந்து வாழும் தமிழர் ஒருவர் உள்ளூர்க்காரர். பெர்னில் பிறந்து வளர்ந்த சுவிஸ் குடிமகன் வெளியூர்க்காரர். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லாததால், முதல் பதிலில் சொன்ன வழிகாட்டு ஆணை அங்கே செல்லாது.

விடுமுறை வீட்டைப் பொறுத்தவரை, பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 1974 மே மாதம் வழங்கிய தீர்ப்பு ஒன்று சிந்தனைக்குரியது. பிரான்சின் மேற்குக் கரையை ஒட்டிய ரே தீவுக்குச் செல்லும் படகில் தீவுவாசிகளுக்கு ஒரு கட்டணம், அந்த மாவட்டத்து மக்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என மூன்று கட்டணங்கள் இருந்தன. தீவில் விடுமுறை வீடு வைத்திருந்த இருவர் தங்களுக்கும் குறைந்த கட்டணம் வேண்டுமென்று வழக்குப் போட்டார்கள். ஆண்டு முழுவதும் அங்கே வாழ்பவரின் நிலை வேறு, விடுமுறைக்கு வருபவரின் நிலை வேறு என்று நீதிமன்றம் அவர்களை மறுத்தது. அதோடு நிற்காமல், கரையில் வாழும் மாவட்டத்து மக்களுக்குத் தனிச் சலுகை தர நியாயமே இல்லை என்றும் சொன்னது. ஆக அதைக் காட்டித் தங்களுக்கும் கேட்கும் வழியும் அந்த இருவருக்கு அடைபட்டது. பிரான்சில் 1985ஆம் ஆண்டு மலைச் சட்டப்படி லிஃப்டுகள் உள்ளாட்சிப் பொறுப்பிலுள்ள பொதுச் சேவை என்பதால், இந்தத் தர்க்கம் அங்கே பனிமலைகளுக்கும் பொருந்தும். சுவிஸ் நிறுவனங்களை இத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்றாலும், வீட்டுப் பத்திரத்தைக் காட்டினால் போதும் என்று எண்ணிவிடாமல், அந்தந்த மலையின் விதிமுறையில் ‘வசிப்பவர்’ என்று யாரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள் எனப் படித்துப் பாருங்கள்.

வீடு கிடைப்பதும் எளிதல்ல. 2012 மார்ச் வாக்கெடுப்பில் சுவிஸ் மக்கள் ஏற்ற விதிப்படி, ஓர் ஊராட்சியிலுள்ள வீடுகளில் 20 சதவீதத்துக்கு மேல் விடுமுறை வீடுகள் இருக்கக் கூடாது. புகழ்பெற்ற பனிச்சறுக்கு ஊர்கள் பலவும் அந்த அளவை எப்போதோ தாண்டிவிட்டன.