பழைய கிரிமினல் ரெக்கார்டை சீல் பண்றது சரியா?

சரிதான், பண்ணணும். சீல்னா ரெக்கார்டை அழிக்கிறது இல்ல, முதலாளி கண்ணுல படாம மூடி வைக்கிறது. கொலை, குழந்தைங்க மேல பாலியல் குற்றம் இதுக்கெல்லாம் கேக்கல. நான் சொல்றது பழைய ஐபிசில (இந்திய தண்டனைச் சட்டம்) 294(பி), 323, 506, அதாவது கெட்ட வார்த்தை, சின்ன அடி, மிரட்டல்னு போட்ட கேஸுங்கள. திருவிழா சண்டை, வரப்புத் தகராறுன்னு ஸ்டேஷனுக்குப் போனா எஃப்ஐஆர்ல இந்த மூணும் வந்து உக்காந்துக்கும்.

எங்க பெரியம்மா பையன் மேல காலேஜ் படிக்கிறப்ப அப்படி ஒண்ணு விழுந்துச்சு, சாட்சிங்க பிறழ்ந்துட்டாங்க, விடுதலை ஆயிட்டான், அப்புறம் ஒரு தனியார் கம்பெனில ஆஃபர் லெட்டர் வரைக்கும் வந்து வெரிஃபிகேஷன்ல அந்த எஃப்ஐஆர் தெரிஞ்சதும் வேலை போச்சு. "அக்கா, கோர்ட்டே விட்டுருச்சு, இவங்க ஏன் விட மாட்டேங்குறாங்க"ன்னான். எனக்குப் பதில் சொல்லத் தெரியல. தமிழ்நாட்டுல போலீஸ் வேலைக்குன்னா இன்னும் கஷ்டம், சந்தேகத்தின் பலன்ல விடுதலையானாலும் கேஸ்ல சம்பந்தப்பட்டவன்னுதான் ரூல் சொல்லுது.

இதுல பாருங்க, 18 வயசுக்குள்ள தப்பு பண்ணினவங்களுக்கு 2015 சிறார் நீதிச் சட்டம் 24வது பிரிவு இருக்கு. தண்டனையால வர்ற தகுதியிழப்பு ஒட்டாது, அப்பீல் காலம் முடிஞ்சதும் ரெக்கார்டை அழிக்கணும் (16 தாண்டினவங்கள கொடுங்குற்றத்துக்குப் பெரியவங்களா விசாரிச்சா மட்டும் இது பொருந்தாது). அதே அடிதடி 18 முடிஞ்ச மறுநாள் நடந்தா ஆயுசுக்கும் கூட வருது. இது என்ன நியாயம்?

சிங்கப்பூர்ல 2006லேர்ந்து இதுக்கு வழி இருக்கு. 3 மாசத்துக்கு மேல போகாத ஜெயில், இல்ல 2000 டாலர் வரைக்கும் ஃபைன், அப்புறம் 5 வருஷம் எந்தக் குற்றமும் இல்லாம இருந்தா அந்த ரெக்கார்டு காலாவதி, பெரிய குற்றங்களுக்குக் கிடையாது. வேலைக்கான ஃபார்ம்ல ரெக்கார்டு இல்லன்னே எழுதலாம். ஃபைல் போலீஸ்கிட்ட இருக்கும், முதலாளி கைக்குப் போகாது. நான் கேக்குறதும் இவ்வளவுதான்.

முதலாளிக்குத் தெரிய வேணாமான்னு கேப்பீங்க. பணம் எண்ற வேலைக்கு மோசடி கேஸைப் பாக்கட்டும், தப்பில்ல. சின்ன வயசுல கோஷம் போட்ட மாதிரி சில்லறை கேஸ்னா மறைச்சதையே பொறுத்துக்கலாம்னு 2016ல அவ்தார் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு. ஆனா முடிவு வேலை குடுக்குறவங்க கையில, அதான் சட்டமா வரணும்ங்கறேன். 2024 பிப்ரவரில விடுதலையான ஒருத்தர் பேரை இணையத்துல இருக்கிற தீர்ப்புலேர்ந்து மறைக்கச் சொல்லி மெட்ராஸ் ஹைகோர்ட் உத்தரவு போட்டப்ப ரொம்ப நம்பினேன், ஜூலைல சுப்ரீம் கோர்ட் அதுக்குத் தடை போட்டுருச்சு.

சட்டம் வர்ற வரைக்கும் இந்த நிலைமைல இருக்கிற தம்பி தங்கச்சிங்க ஃபார்ம்ல கேஸ் பத்தி கேட்டா மறைக்காதீங்க, மறைச்சதுக்குன்னே வேலை போகும். உள்ளதை எழுதி விடுதலைத் தீர்ப்போட சர்டிஃபைடு காப்பியைச் சேத்துக் குடுங்க, கோர்ட்டுல காப்பி அப்ளிகேஷன் போட்டா கிடைக்கும்.