வீட்டுச் சோடாவும் நன்னாரிப் பாகும்: கேள்வி பதில்

திருச்சி: வீட்டுச் சோடா இயந்திரத்தை எத்தனை முறை அழுத்தினாலும் சோடா சுள்ளென்று இருப்பதில்லை. கரியமில வாயு சிலிண்டரில் கோளாறா?

சிலிண்டரைச் சந்தேகிக்கும் முன் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். சாதாரண காற்றழுத்தத்தில், உறைநிலையை ஒட்டிய ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 3.3 கிராம் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்ளும். 25 டிகிரியில் அது 1.5 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். அழுத்தம் கூடக்கூட வாயு அதிகம் கரையும் என்பதை வில்லியம் ஹென்றி 1803இல் காட்டினார் என்றாலும், வீட்டு இயந்திரம் தரும் அழுத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. குளிர்ச்சியோ நம் கையில் இருக்கிறது. இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்த தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள்.

நாகர்கோவில்: இயந்திரம் இல்லாமல், சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் கொண்டு செய்யலாமா?

செய்யலாம், ஆனால் குடிக்கும் தண்ணீரிலேயே இரண்டையும் கொட்டக்கூடாது. அப்படிச் செய்தால் எஞ்சும் உப்பு அதிலேயே தங்கிச் சுவையைக் கெடுக்கும். ஒரு தேக்கரண்டிச் சமையல் சோடாவில் ஒரு கிராமுக்கும் மேல் சோடியம் இருப்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆகாது. ஒரு பாட்டிலில் வாயுவை உண்டாக்கி, குழாய் வழியாக இன்னொரு பாட்டிலில் உள்ள தண்ணீருக்கு அனுப்ப வேண்டும். அழுத்தமானியும் பாதுகாப்பு வால்வும் சேர்ந்த மூடிகள் இதற்கென்றே விற்கப்படுகின்றன. எடையில் சமையல் சோடா நான்கு பங்கு, அமிலம் மூன்று பங்கு. தண்ணீர்ப் பாட்டிலைப் பிதுக்கி, மேலே உள்ள காற்றை வெளியேற்றிய பிறகே வாயுவை விடுங்கள். இரண்டும் குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டில்களாகவே இருக்கட்டும். கண்ணாடி வேண்டவே வேண்டாம்.

ஈரோடு: பழச்சாற்றையே இயந்திரத்தில் வைக்கலாமா?

கூடாது. நுரை பொங்கி வால்வை அடைக்கும். வாயு தண்ணீருக்கு மட்டும்; பாகு பிறகு.

திருநெல்வேலி: நன்னாரி வேரை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தேன். நிறம் வந்தது, மணம் வரவில்லை.

மணம் உங்கள் சமையலறைக்குள் போய்விட்டது. நன்னாரியின் வாசம் வேரின் பட்டையில்தான் இருக்கிறது. வேரை இடித்து, நடுவில் உள்ள வெள்ளைக் கட்டையை நீக்கிவிடுங்கள். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கிப் பட்டையின் மேல் ஊற்றி, இறுக மூடி ஊறவிடுங்கள். ஆறியதும் குளிர்பெட்டியில் இரவு முழுவதும் வைத்திருந்து, துணியில் வடிகட்டி, நீரின் எடையைப் போல் இரு மடங்கு சர்க்கரையைச் சேர்த்து, கரையும் வரை மட்டும் இளஞ்சூட்டில் வையுங்கள். சர்க்கரை இதைவிடக் குறைந்தால் பூஞ்சணம் எளிதில் பிடிக்கும். எலுமிச்சையைக் குவளையில் பிழியுங்கள், பாகில் அல்ல.

விருதுநகர்: எங்கள் வீட்டில் தலைமுறைகளாகக் காய்ச்சித்தான் செய்கிறோம். ஊறவைத்தால் சாறு எப்படி இறங்கும்?

நிறமும் கசப்பும் காய்ச்சினால் நன்றாக இறங்கும், மறுக்கவில்லை. ஆனால் நன்னாரிக்கு வாசம் தரும் முதன்மையான பொருள், வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலினின் மாற்றியம்; அதாவது அதே அணுக்கள் வேறு அமைப்பில் சேர்ந்த பொருள். அது நீராவியோடு ஆவியாகிப் போகும் இயல்புடையது. திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரம் காய்ச்சுவது அதை விரட்டும் வேலை.

மதுரை: இருவர் சொல்வதையும் சேர்த்துச் செய்தால் என்ன? முதலில் ஊறவைத்து வடித்துக்கொண்டு, மிஞ்சிய சக்கையைக் காய்ச்சி, அந்தக் கஷாயத்தில் சர்க்கரையைக் கரைக்கலாமே.

இந்த வழக்கில் சரியான தீர்ப்பு இதுதான். ஊறல் நீரைப் பாகு ஆறிய பிறகு கலக்குங்கள். சர்க்கரையை மட்டும் கஷாயம், ஊறல் இரண்டின் மொத்த எடைக்கும் கணக்கிடுங்கள். விருதுநகர் அன்பர் காய்ச்சிப் பெறும் நிறமும் கசப்பும் இதில் கிடைக்கும்.

சேலம்: என் சோடாவில் காரம் குறைவாக உள்ளது. சிலிண்டரை மாற்றலாமா?

திருச்சிக்குச் சொன்னதைப் படியுங்கள். தண்ணீரைக் குளிர வையுங்கள்.

தஞ்சாவூர்: பழைய கோலி சோடா பாட்டில்கள் கிடைத்துள்ளன. வீட்டில் நிரப்பலாமா?

ஹைரம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை ரப்பர் வளையத்தோடு ஒட்டவைத்து வாயை அடைக்கிறது. அதனால்தான் சோடாக் கடைகளில் பாட்டிலை இயந்திரத்துக்குள் பூட்டித் தலைகீழாகச் சுழற்றி நிரப்பினார்கள். பல காலம் உரசித் தேய்ந்த கண்ணாடிக்குள் வீட்டில் அழுத்தம் ஏற்றுவதா? அலமாரியில் அழகுக்கு வையுங்கள்.

சென்னை: உலர்பனித் துண்டைப் பாட்டிலில் போட்டு மூடினால்?

உலர்பனி என்பது உறைந்த கரியமில வாயு. அது வாயுவாக மாறும்போது பாட்டில் வெடிக்கும். பிளாஸ்டிக் ஆனாலும் வெடிக்கும்.

கோவை: சோடா பல்லை அரிக்குமா?

வெறும் சோடாவைவிட அதில் நீங்கள் சேர்க்கும் எலுமிச்சையும் சர்க்கரையும்தான் பல்லுக்கு அதிகக் கேடு. மேற்கொண்டு பல் மருத்துவரைக் கேளுங்கள்.

கும்பகோணம்: பன்னீர் சோடாவுக்கு எந்தப் பன்னீர்?

உணவுக்குரியது என்று புட்டியில் அச்சிட்டிருப்பதை வாங்கி, ஆறிய சர்க்கரைப் பாகில் கலக்குங்கள். கல்யாண வீட்டில் தெளிக்கும் பன்னீர் குடிப்பதற்கானது அன்று.