பழைய சிந்தசைசருக்குப் புது போர்டு: பணம் எங்கிருந்து வரும்?

ஆடித் திருவிழாக் கச்சேரிகள் ஓய்ந்தால் தஞ்சாவூரில் என் ரிப்பேர் மேஜை நிரம்பிவிடும். பித்தான் அமுங்காத கீபோர்டு, பேட்டரி செத்து சவுண்டெல்லாம் பறந்துபோன கீபோர்டு என்று வந்துகொண்டே இருக்கும். இந்த வருடம் கூடவே கேள்விகளும் வந்தன. பெரும்பாலும் கையில் ஒரு சர்க்யூட் போர்டைச் செய்து வைத்துக்கொண்டு, அதை ஐம்பது உருப்படியாக்கப் பணம் தேடுகிறவர்களுடையவை.

கும்பகோணத்திலிருந்து ஒரு கீபோர்டு கலைஞர்: யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசருக்கு, நூறு பேங்க் (32 சவுண்ட் சேர்ந்தது ஒரு பேங்க்) கொள்கிற கார்ட்ரிட்ஜ் போர்டு, அதாவது வெளியிலிருந்து செருகும் மெமரி போர்டு, செய்திருக்கிறேன். வேலை செய்கிறது. சென்னை, கொச்சி, வெளிநாடு என்று நாற்பது பேர் வாங்குவதாகச் சொல்கிறார்கள். ரூ.2,000 விலை வைத்து, முழுப் பணத்தையும் முன்னாடியே வாங்கிவிடலாமா?

கூடாது. அந்த விலையும் சரியில்லை.

யோசனை நல்லதுதான். 1983-இல் வந்த டிஎக்ஸ்7 தனக்குள் வைத்துக்கொள்வது 32 சவுண்ட் மட்டும். ஒரு சவுண்டுக்கு 128 பைட் என்றால் ஒரு பேங்க் 4,096 பைட். இன்றைக்குச் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் மெமரி சிப்பில் நூறு பேங்க் தாராளமாக அடங்கும். ஆனால் சிப் விலையை வைத்துப் பொருளுக்கு விலை போட்டால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. போர்டும் பாகங்களும் 1,100, பெட்டி 300, பற்றவைத்துச் சோதிக்க 250, பேக்கிங்கும் கூரியரும் 150. ஆக ஒன்றுக்கு 1,800. ஐம்பது செய்தால் 90,000. மாதிரி போர்டு மூன்று முறையாவது மாற்றிப் போடுவீர்கள், அதற்கு ஒரு 35,000 வையுங்கள். மொத்தம் 1,25,000. ஐம்பதில் ஐந்து கெட்டுப்போகும், அல்லது மாற்றிக் கொடுக்கப் போய்விடும். மிச்சம் 45-ஆல் வகுத்தால் ஒன்றின் அடக்கமே 2,778 ரூபாய். உங்கள் இராத்தூக்கத்துக்கு இதில் ஒரு பைசா இல்லை. 3,800-க்குக் கீழே பேசாதீர்கள். விலையைக் கேட்டதும் நாற்பது பேரில் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். அது போர்டு அடிப்பதற்கு முன்னால் தெரிவதுதான் நல்லது.

‘வேலை செய்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டிலா, மேடையிலா? நான் முதலில் செய்ததும் இதே மாதிரி விளிம்பைச் செருகும் போர்டுதான். செலவை மிச்சம் பிடிக்க, விளிம்புக்குத் தங்க முலாம் போடாமல் சாதாரண ஈயப் பூச்சோடு வாங்கினேன். கோடை முழுக்க அருமையாக ஓடியது. ஐப்பசி மழை வந்தது, கூடவே நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்காற்றும். ஒரு கோயில் மேடைக்குப் பின்னால், ட்யூப் லைட் வெளிச்சத்தில், பள்ளிக்கூடப் பையனிடம் அழிரப்பர் வாங்கி அந்த விளிம்பைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். ரப்பர் கறுத்தது, கீபோர்டு பேசியது. அடுத்த பாட்டில் மறுபடி ஊமை. இருபத்திரண்டு போர்டைத் திரும்ப வாங்கி, வேறு போட்டுக் கொடுத்தேன். மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு போயிற்று.

இன்னொன்று. இன்றைய மைக்ரோகன்ட்ரோலர்கள் (போர்டை இயக்கும் குட்டிக் கணினி சிப்கள்) பெரும்பாலும் 3.3 வோல்ட், டிஎக்ஸ்7-இன் டிஜிட்டல் பகுதி 5 வோல்ட். இடையில் வோல்ட் அளவை மாற்றும் சிப் இருக்கிறதா? இல்லாமலே ஓடுகிறதே என்றால், இப்போதைக்கு ஓடுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே முதலில் ஐந்து போர்டு, உங்கள் சொந்தக் காசில். ஒரு மழைக்காலம் மேடையில் கிடக்கட்டும். அப்புறம் விலையில் கால் பங்கு அட்வான்ஸ் கேளுங்கள். அந்தப் பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்கட்டும். பொருள் போய்ச் சேரும்வரை அது உங்கள் பணம் இல்லை.

மன்னார்குடி வாசகி: என் கணவரும் இப்படி ஒரு போர்டு செய்கிறார். அதற்கான பணத்துக்குச் சீட்டை முதல் மாதமே ஏலத்தில் எடுக்கலாம் என்கிறார். எடுக்கலாமா?

அம்மா, முதல் மாதங்களில் போட்டி அதிகம், தள்ளுபடியும் அதிகம். கையில் வருவது குறைவு, தவணையோ கடைசி மாதம் வரை கட்டவேண்டும். அறுபது எழுபதாயிரம் என்றால், நாலைந்து மாதத்தில் திருப்ப முடியுமானால் மட்டும், நகைக் கடன் தேவலை. ஐம்பதாயிரத்துக்குள் முடியுமென்றால் வங்கியில் முத்ரா என்ற அரசுச் சிறுதொழில் கடன் திட்டத்தின் ‘சிசு’ பிரிவைக் கேளுங்கள், அடமானம் வேண்டாம். அதற்கு முன்னால் உத்யம் என்ற அரசுச் சிறுதொழில் பதிவைச் செய்துகொள்ளச் சொல்லுங்கள். இணையத்தில் இலவசம். ‘நான் செய்து தருகிறேன்’ என்று காசு கேட்பவரிடம் போகவேண்டாம்.

திருவாரூர்: நண்பர்கள் பத்துப் பேர் ஆளுக்கு 20,000 போடுகிறேன் என்கிறார்கள். மாதம் இவ்வளவு என்று லாபம் கொடுத்தால் போதுமாம்.

இதில் மட்டும் கொஞ்சம் பயப்படுங்கள். மாதா மாதம் இவ்வளவு தருகிறேன் என்று ஊராரிடம் பணம் திரட்டினால், ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் போய் விழ வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டில் 1997-இலிருந்தே முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டமும் இருக்கிறது. விற்கப்போகும் பொருளுக்கு வாங்கும் அட்வான்ஸ் வேறு வகை. பொருள் கொடுக்க முடியாவிட்டால் திருப்பிக் கொடுப்பேன் என்பதுதான் அதன் அடிப்படை, அதை ரசீதிலேயே எழுதிவிடுங்கள். கம்பெனியாகப் பதிந்தவர்கள் அந்த அட்வான்ஸுக்கு 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துக் கணக்கை நேர் செய்யவேண்டும். நண்பர்கள் கூட்டாளிகளாக வரட்டும், பத்திரம் எழுதி, நஷ்டத்திலும் பங்கு என்று. அப்போது பத்துப் பேரில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

தரங்கம்பாடி: வருடத்துக்கு இரண்டு லட்சம்கூட விற்பனை வராது. எனக்கு ஜிஎஸ்டி பதிவு வேண்டாம்தானே?

தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றால் 40 லட்சம் வரை வேண்டாம். ஆனால் நண்டலாறு பாலம் தாண்டினால் காரைக்கால், அது புதுச்சேரி. காலையில் பஸ் ஏறிப் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பும் தூரம்தான், ஆனாலும் அங்கே ஒரு போர்டு விற்றால் வெளி மாநில விற்பனை. பொருள் விற்கிறவருக்கு அதற்கு வரம்பு கிடையாது, பதிவு செய்தே ஆகவேண்டும். கொச்சிக்கும் பெங்களூருக்கும் இதே கதை. பொருளுக்கு வாங்கிய அட்வான்ஸின் மேல் உடனே வரி கட்டவேண்டியதில்லை, பில் போடும்போது கட்டினால் போதும். 2017 நவம்பரிலிருந்து அப்படித்தான்.

நாகப்பட்டினம்: இணையத்தில் பலரிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் போடலாமா?

இந்தியாவிலிருந்து அங்கே திட்டம் தொடங்க வழியில்லை, வெளிநாட்டுத் திட்டத்துக்குப் பணம் போடத்தான் முடியும். வெளிநாட்டுக்காரரிடம் நேரடியாக ஆர்டர் வாங்கி அனுப்புங்கள், ஏற்றுமதிக்கு ஐஇசி என்ற ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். பார்சலில் லித்தியம் பேட்டரியை மட்டும் வைக்காதீர்கள், விமானத் தபாலில் தகராறு. ‘பேட்டரி நீங்களே வாங்கிக்கொள்ளவும்’ என்று ஒரு சீட்டு போதும்.

மயிலாடுதுறை: ஒருவருக்கு எட்டு மாதம் முன்பு அட்வான்ஸ் கொடுத்தேன். போர்டும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

பணம் அனுப்பிய ரசீதையும் அவருடைய செய்திகளையும் ஒன்றாக எடுத்து வையுங்கள். பதினைந்து நாள் கெடு வைத்து ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். எத்தனையோ பேர் ஏமாற்ற நினைத்து இதைச் செய்வதில்லை, அடக்க விலையைத் தப்பாகப் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். அதற்காக உங்கள் பணத்தை விட்டுவிடவேண்டும் என்று இல்லை.