போர் போட்ட கதை

கேள்வி: இந்தியா, பாகிஸ்தான் கிரிக்கெட் என்றாலே ‘பரம எதிரிகள் மோதல்’, ‘இன்று போர்’ என்று தலைப்புப் போடுகிறார்கள். ஆங்கிலத்தில் அழகாக ‘ரைவல்’ என்கிறார்கள். தமிழில் அப்படி ஒரு சொல் இல்லையா? சண்டை, பூசல், போர், போராட்டம் எல்லாம் ஒன்றுதானா? (ஒரு வாசகர், மன்னார்குடி)

பதில்: ‘போர்’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கிரிக்கெட் நினைவுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் நினைவுக்கு வந்தார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரையில் எங்கள் வீட்டுக் கிணறு வற்றியது. நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு கொல்லையைச் சுற்றினார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டோம். இரவு பதினொரு மணிக்கு லாரி வந்தது. விடிவதற்குள் 280 அடி. தெரு முழுக்கச் சாம்பல் நிறச் சேறு. காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தச் சேற்றைத் தாண்டி வந்த பக்கத்து வீட்டுக்காரர், “போர் போட்டுவிட்டீர்களா சார்?” என்று கேட்டார். போட்டாயிற்று என்றேன். அடுத்த வாரம் அதே லாரி அவர் வாசலில் நின்றது. 400 அடி. எங்கள் மோட்டார் காற்றைக் கக்கியது.

அதன் பிறகு நடந்தது இரண்டாவது வகைப் போர். இரு வீட்டுப் பெண்களும் வாசலில் ஒருவரையொருவர் பார்க்காமலிருக்கக் கோலம் போடும் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். சமாதானம் செய்ய வந்த பெரியவர் இரண்டு மணி நேரம் பேசினார். அது மூன்றாவது வகை. நான்காவது அவர் வீட்டு மாட்டுக்கொட்டிலை ஒட்டி நிற்கிறது: வைக்கோல்போர். நான்கில் பயனுள்ளது அது ஒன்றுதான். மாடு கட்டிப் போரடித்தால் மாளாது என்று யானை கட்டிப் போரடித்தார்களாம் மதுரையில். இதைப் பெருமையாக என் பேரனிடம் சொன்னேன். “யானைக்குமா தாத்தா போரடித்தது?” என்றான்.

இப்படிப்பட்ட ஒரு சொல்லை விளையாட்டுப் பக்கத்துக்காரர்களிடம் கொடுத்தால் என்ன ஆகும்? இந்த இதழிலேயே பல ஆண்டுகளாக நான் அடித்துத் திருத்தும் சொல் ‘பழிதீர்த்தது’. யார் யாரைக் கொன்றார்கள்? போன மாதம் நான்கு விக்கெட்டில் தோற்றவர்கள் இந்த மாதம் மூன்று விக்கெட்டில் வென்றிருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் வெட்டுவேன், நான் ஊருக்குப் போன வாரம் பார்த்து அது மறுபடி அச்சேறிவிடும்.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் கறாரானவர்கள். மாட்டைக் கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை, படையெடுத்துப் போனால் வஞ்சி, எதிர்த்து நின்றால் காஞ்சி, கோட்டையைக் காத்தால் நொச்சி, வளைத்தால் உழிஞை, நேருக்கு நேர் பொருதால் தும்பை, வென்றால் வாகை. சண்டையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூவை வைத்து இலக்கணம் எழுதியவர்களின் வாரிசுகள், டாஸ் போடுவது முதல் கோப்பை வாங்குவது வரை ‘மோதல்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மாரடிக்கிறோம்.

ரைவலுக்கு வருகிறேன். லத்தீனில் ‘ரீவுஸ்’ என்றால் ஓடை. ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கிற இருவருக்குப் பெயர் ‘ரிவாலிஸ்’. நீங்கள் அழகு என்று சொன்ன சொல்லின் பூர்விகம் வாய்க்கால் தகராறு. மன்னார்குடிக்காரரான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடுராத்திரியில் மடையைத் திருப்பிவிட்டது யார் என்று விடியுமுன்பே ஊகிக்கிற ஊர் அது. அப்படித் திருப்பியவரைத் தமிழில் பங்காளி என்கிறோம். பங்கு உடையவர், ஆகவே பகை உடையவர். நகரத்து இளைஞர்கள் நண்பனையே ‘பங்காளி’ என்று கூப்பிடுகிறார்கள். பிரிக்கச் சொத்து இல்லாதவர்களின் துணிச்சல்.

இந்தியாவும் பாகிஸ்தானும் லத்தீன் கணக்குப்படியே ரைவல்கள். 1947இல் பாகப்பிரிவினை, 1960இல் சிந்து நதி நீர் ஒப்பந்தம். ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பாகிஸ்தானுக்கு. இடையில் போர்கள் வந்தபோதும் தாங்கிய அந்த ஒப்பந்தத்தை 2025இல் இந்தியா நிறுத்திவைத்தது. ஆடுகளத்தில் இருப்பவர்களுக்கு இத்தனை பாரம் வேண்டாம். அவர்கள் எதிராளிகள். எதிரி நாம் இருக்கவே கூடாது என்று நினைப்பவன். எதிராளி எதிரே வந்து உட்காராவிட்டால் தாயக்கட்டம்கூட ஆட முடியாது.

பங்காளி என்றதும் சங்கப் புலவர் கோவூர்கிழார் வந்துவிடுகிறார். உறையூருக்குள் நெடுங்கிள்ளி அடைபட்டிருக்க, வெளியே வளைத்து நின்றவன் நலங்கிள்ளி. இருவரும் சோழர். புலவர் போய்ச் சொன்னார்: உன்னோடு பொருபவன் பனந்தோடு சூடிய சேரனும் இல்லை, வேம்பு சூடிய பாண்டியனும் இல்லை; உன் தலையில் சூடிய கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி; யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. கூடவே, ‘இருவீர் வேறல் இயற்கையும் அன்றே’ என்றார். இரண்டு பேரும் ஜெயிக்க முடியாதப்பா என்று பொருள். நம் பட்டிமன்ற நடுவர்களுக்கு இந்த ஒரு வரியை யாரும் பாடம் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் உட்கார வைத்து, இரு அணியும் வென்றது என்று தீர்ப்புச் சொல்லிப் பொன்னாடையோடு காரில் ஏறிவிடுகிறார்கள். இதை முன்பு ஒருமுறை எழுதப்போய் ஒரு நடுவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அந்த வழக்கில் யார் வென்றார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பூசல் என்ற சொல் பாவம். வள்ளுவரிடம் அன்புடையவர் கண்ணீர் பூசல் தந்தது. இப்போது அதற்கு ‘உட்கட்சி’ என்றொரு துணை இல்லாமல் நடமாட முடிவதில்லை. போராட்டத்தில் போரோடு ஆட்டமும் சேர்ந்திருக்கிறது. சில உண்ணாவிரதப் பந்தல்களின் பின்பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு எது எவ்வளவு என்று தெரியும். மறியல் கதை இன்னும் வேடிக்கை. தமிழ்நாட்டில் மறியல் செய்தால் பிடித்துக்கொண்டு போவார்கள். இலங்கையில் பிடித்துக்கொண்டு போய் மறியலில் வைப்பார்கள். விளக்கமறியல் என்றால் அங்கே விசாரணைக் காவல்.

பக்கத்து வீட்டுக்காரர் கதையை முடிக்கவில்லையே. அவருடைய 400 அடியும் போன கோடையில் வற்றிவிட்டது. இப்போது இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே தண்ணீர் லாரி வருகிறது. குழாயை முதலில் யார் வீட்டுத் தொட்டியில் விடுவது என்பதில் நேற்றுக் காலை ஏழு மணிக்கு ஏதோ ஒன்று நடந்தது. அதற்கு என்ன பூ என்று யோசித்து எழுதுங்கள்.