சில்லு மட்டும் தெறிக்கிறதா? சோக்கா, குழலா, எதை மாற்றுவது?

கேள்வி: என் 12 போர் ஷாட்கன்னுக்கு 28 அங்குலக் குழல், மாடிஃபைடு சோக் (குழல் முனையை இறுக்கும் திருகு வளையம், நடுத்தர அளவு). ட்ராப்பில், அதாவது இயந்திரம் எறியும் களிமண் தட்டைச் சுடும் விளையாட்டில், இயந்திரத்துக்கு 16 கஜம் பின்னால் நின்று சுட்டால் தட்டிலிருந்து சில்லுதான் தெறிக்கிறது, பொடியாவதில்லை. 32 அங்குலக் குழலும் எக்ஸ்ட்ரா ஃபுல் சோக்கும் வாங்கினால் ரவை நெருக்கமாக விழும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: குழலை வாங்காதீர்கள். நீளக் குழல் ரவையை நெருக்கும் என்ற நம்பிக்கை, மெதுவாக எரியும் கருமருந்துக் காலத்தின் மிச்சம். இன்றைய தோட்டாவில் 28-க்கும் 32-க்கும் வேகத்தில் சிறிய வித்தியாசம்தான், பரவலில் அதுவும் கிடையாது. முன்பாரம் கூடுவதால் துப்பாக்கி சீராகத் திரும்பும், குறி பார்க்கும் தூரமும் நீளும். அது பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் அது வேறு விஷயம்.

ரவையை நெருக்குவது குழல் முனையிலுள்ள இறுக்கம். 12 போரில் இம்ப்ரூவ்டு சிலிண்டர் சுமார் 0.25 மி.மீ., மாடிஃபைடு 0.5, ஃபுல் 0.9 முதல் 1 மி.மீ. வரை. 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் இவை முறையே 50, 60, 70 சதவீத ரவையைப் போட வேண்டும் என்பது பழைய கணக்கு. உங்கள் துப்பாக்கி அப்படிப் போடுகிறதா என்பதைக் காகிதத்தில் சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சுடுதளத்தில் 40 கஜத்தில் நாலடிச் சதுரக் காகிதத்தை மாட்டி, நடுவில் ஒரு புள்ளி வைத்துச் சுடுங்கள். துளைகள் அதிகம் விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் போட்டு எண்ணுங்கள். அமெரிக்க அளவில் 7½ ஈய ரவை என்றால் ஒரு அவுன்ஸில், அதாவது 28 கிராமில், சுமார் 350 இருக்கும். ஒரே ஒரு காகிதத்தை நம்பாதீர்கள், குறைந்தது ஐந்து சுட்டுச் சராசரி எடுங்கள். எண்ணுவது அலுப்பான வேலைதான், செலவு மட்டும் மிகக் குறைவு.

அப்புறம், வட்டத்தின் நடு உங்கள் புள்ளிமேல் விழுந்ததா என்று பாருங்கள். இடமோ வலமோ விலகியிருந்தால், தட்டில் படுவது பரவலின் ஓரம். சில்லு தெறிப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அந்த நிலையில் சோக்கை இறுக்கினால் சில்லும் போய்விடும், முழுத் தட்டும் தப்பும். அப்போது பார்க்க வேண்டியது துப்பாக்கியின் கட்டை உங்கள் தோளுக்கும் கன்னத்துக்கும் பொருந்துகிறதா என்பதை.

நடு சரியாக இருந்து வட்டத்துக்குள் ரவை விழாத வெற்றிடங்கள் தெரிந்தால், முதலில் தோட்டாவை மாற்றிப் பாருங்கள். ஆன்டிமனி கலந்த கடின ஈய ரவை குழலுக்குள் அவ்வளவாக நசுங்காது, நேராகப் போகும். மலிவான மெத்து ரவை நசுங்கிச் சிதறும். அதற்கும் மசியாவிட்டால் மாடிஃபைடுக்கும் ஃபுல்லுக்கும் இடைப்பட்ட இம்ப்ரூவ்டு மாடிஃபைடு சோக் வாங்குங்கள். 16 கஜத்தில் நின்று சுடும் தட்டு பெரும்பாலும் 35 கஜத்துக்குள் உடைகிறது, அதற்கு எக்ஸ்ட்ரா ஃபுல் தேவையில்லை. 27 கஜம் பின்னால் நின்று சுடும் ஹேண்டிகேப் போட்டிக்குப் போனால் ஃபுல் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: வேறு கம்பெனி சோக் போடலாமா? எஃகு ரவைக்கும் அதே சோக் போதுமா?

பதில்: மரை பொருந்தினால் போடலாம். ஆனால் மரை கம்பெனிக்குக் கம்பெனி, ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் மாறும். ‘கிட்டத்தட்டப் பொருந்தும்’ என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். குழலின் உள்விட்டத்தையும் கேளுங்கள். 12 போருக்கு 0.729 அங்குலம் வழக்கம், அகட்டிய குழல்களில் 0.740 வரை போகும். இறுக்கம் என்பது குழலுக்கும் சோக்குக்கும் உள்ள வித்தியாசம்தானே, மேலே எழுதியிருக்கும் ‘ஃபுல்’ என்ற பெயரை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

எஃகு ரவை நசுங்காது, அதனால் அதே சோக்கில் இன்னும் நெருக்கமாகவே விழும். பொதுவாக மாடிஃபைடுக்கு மேல் இறுக்கம் வேண்டாம். எஃகுக்கு ஏற்றது என்று சோக்கிலும் குழலிலும் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். சோக்கை மாற்றும்போது துப்பாக்கி திறந்து, காலியாக இருக்கட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே சோக் தளர்ந்திருக்கிறதா என்று காலித் துப்பாக்கியில் கையால் திருகிப் பாருங்கள். தளர்ந்த சோக்கோடு சுட்டால் குழல் முனையே கெட்டுப்போகும்.